தீர்ப்பும் நிறைவேற்றமும்

சங்கத்தில் கடன் பெற்ற ஒருவர் தவணை தவறினால் நாம் முதலில் அறிவிப்பு அனுப்புகிறோம், பயனில்லையெனில் தாவா தொடர்கிறோம், தீர்ப்பாணை பெறுகிறோம். தீர்ப்பாணை கைக்கு வந்த அன்றே கடன் வசூலாகிவிட்டதென்று எந்தச் செயலாளரும் ரொக்கப் புத்தகத்தில் வரவு வைப்பதில்லை. நிறைவேற்று மனு போட்டு, விற்பனை அலுவலர் நேரிற் சென்று, பணம் பெட்டிக்கு வந்த பிறகே அக்கணக்கு முடிகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைக் கூட்டுறவாளருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆயினும் அதே உண்மை நமக்கு எதிராக வரும்போது நாம் அதை மறந்துவிடுகிறோம். ஓர் ஊழியர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தற்காலிகமாக உழைத்து, வழக்காடி, பணிவரன்முறைக்கோ முன்தேதியிட்ட பதவி உயர்வுக்கோ ஆணை பெற்று வருகிறார். அவ்வாணை ஓர் அலுவலகத்தின் மேசையில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற குறிப்புடன் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. நமக்குச் சேரவேண்டிய தீர்ப்பை நிறைவேற்றச் சட்டம் முழுவதையும் துணைக்கு அழைக்கும் நாம், நாம் கொடுக்கவேண்டிய தீர்ப்பை மட்டும் ஏன் வெறும் காகிதமாகக் கருதுகிறோம்? இக்கேள்வியை உறுப்பினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதில் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். இரண்டு வகையில் தொடர்பு உண்டு. முதலாவதாக, தறியையும் நிலத்தையும் மட்டும் நம்பி வாழும் குடும்பங்கள் இன்று குறைவு. வீட்டில் ஒருவர் நகராட்சியிலோ மின்வாரியத்திலோ துறைமுகத்திலோ தற்காலிகமாக வேலை பார்ப்பவராக இருக்கிறார். அவருடைய வேலை நிலைத்தால்தான் சங்கக் கடனும் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. இரண்டாவதாக, சங்கமே ஒரு முதலாளி. செயலாளர், எழுத்தர், விற்பனையாளர், எடையாளர், காவலர் என்று ஒவ்வொரு சங்கத்திலும் சம்பளப் பட்டியல் ஒன்று உண்டு. அப்பட்டியலின் உண்மையான எசமானர்கள் உறுப்பினர்களாகிய நீங்களே.

இப்பிரச்சினையின் முழு வடிவத்தையும் காண வடசென்னையைப் பார்த்தல் நலம். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடற்கரையில் துறைமுகம், அனல்மின் நிலையம், மாநகராட்சி ஆகிய பொது நிறுவனங்கள் பல தலைமுறைகளுக்குச் சோறிட்டுள்ளன. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமாகிய சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்ததும் வடசென்னையின் பெரம்பூர் நெசவாலைத் தொழிலாளரிடையேதான்.

துறைமுகத்தின் வரலாறு நமக்கு ஒரு நல்ல பாடம். ஒரு காலத்தில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்குவோர் அன்றாடங்காய்ச்சிகளாக இருந்தனர். வாசலில் கூடுவர், அழைத்தால் கூலி, அழைக்காவிடில் வெறுங்கை. 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் அந்நிலையை மாற்ற வந்தது. அதன்கீழ் வாரியங்கள் அமைந்தன. தொழிலாளரின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. வேலை இல்லாத நாளிலும் வந்து நின்றதற்கு ஒரு தொகை என்ற முறை பிறந்தது. பின்னர் 1997இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், அவ்வாரியங்களின் ஊழியரைத் துறைமுகங்களே ஏற்றுக்கொள்ள வழிசெய்தது. சட்டத்தின் சொல் தொழிலாளியின் வீட்டை எட்டியது எதனால்? பதிவேட்டினால். பெயர், சேர்ந்த நாள், பணிமூப்பு ஆகிய மூன்றும் எழுத்தில் இருந்தமையால்தான் பின்வந்த மாற்றங்களிலும் அவர்கள் உரிமை கரையாமல் நின்றது.

பதிவேட்டில் இல்லாதவர் நிலை வேறு. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் மின்சாரம் தரத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. ஒரு நிலையம் மூடப்பட்டால் நிரந்தர ஊழியரை வேறிடத்துக்கு மாற்றலாம். ஒப்பந்தக்காரரின் கீழ் நின்றவரை எங்கு மாற்றுவது? அன்றியும், நிறுவனங்களின் பெயர்களே மாறிக்கொண்டிருக்கின்றன. மின்சார வாரியம் 2010 நவம்பரில் பிரிக்கப்பட்டது. உற்பத்திப் பகிர்மானக் கழகம் 2024இல் மேலும் பிரிந்தது. திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன. துறைமுகப் பொறுப்புக் கழகம் 2021ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் துறைமுக ஆணையமாயிற்று. வழக்குத் தொடுத்த நாளில் இருந்த எதிர்மனுதாரர், தீர்ப்பு வரும் நாளில் அப்பெயரில் இருப்பதில்லை. பழைய அலுவலகம் ‘கோப்பு அனுப்பிவிட்டோம்’ என்கிறது. புதிய அலுவலகம் ‘கோப்பு வரவில்லை’ என்கிறது. சொத்தைப் பெற்றுக்கொண்டவர் கடனையும் பெற்றுக்கொண்டவரே என்பது நம் வீடுகளில் பாகம் பிரிக்கும்போது எல்லாரும் ஒப்புக்கொள்ளும் நியாயம். அது பொது நிறுவனத்துக்கும் பொருந்தும்.

2025ஆம் ஆண்டு இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6ஆம் மண்டலங்களில் நிகழ்ந்தது அனைவரும் அறிந்ததே. தூய்மைப் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க மாநகராட்சி ஜூன் மாதம் தீர்மானித்தது. அதுவரை நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின்கீழ் பணியாற்றியோர் ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்து போராடினர். 13ஆம் நாள் நள்ளிரவில் காவல்துறையினரால் அகற்றப்பட்டனர். அம்மாதம் 20ஆம் நாள் உயர் நீதிமன்றம், அத்தீர்மானத்தை ரத்துச் செய்ய மறுத்தது. எனினும் கடைசியாகப் பெற்ற ஊதியம் குறையலாகாது என்றது. நிரந்தரம் கோரும் அவர்களது தாவா தொழில் தீர்ப்பாயத்தின் முன் நிலுவையில் இருக்கும்போதே இத்தனையும் நடந்தேறின. அவர்கள் கோரிக்கை சரியா தவறா என்று கூறுவது தீர்ப்பாயத்தின் வேலை. நாம் கேட்பது ஒன்றே: தாவா முடிவதற்குள் வேலையும் முதலாளியும் மாறிவிடுமாயின், நாளை வரக்கூடிய ஆணையை யார்மீது நிறைவேற்றுவது? நிறைவேற்றம் என்பது தீர்ப்புக்குப் பின் தொடங்குவதன்று. வழக்கு நிலுவையில் உள்ளபோதே நிலைமையைக் காப்பதில் தொடங்குகிறது.

இனிச் சட்டத்தின் வழிகளைச் சுருக்கமாகக் கூறுவோம். தொழில் நிறுவனத் தொழிலாளருக்குத் தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் இருக்கிறது. 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை பார்த்தவருக்கு அது நிரந்தரத் தகுதியைத் தருகிறது. அரசு ஊழியருக்கு 1985ஆம் ஆண்டின் நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டத்தின்படி தீர்ப்பாயங்கள் ஏற்பட்டன. மைய அரசு ஊழியர் இன்றும் மைய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை நாடுகின்றனர். மாநில அரசு ஊழியருக்கென 1988இல் அமைந்த தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயமோ 2006இல் கலைக்கப்பட்டது. வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. கூட்டுறவுச் சங்க ஊழியர் அரசு ஊழியர் அல்லர். சங்கத்தின்மீது பொதுவாக ரிட் மனு நிலைக்காது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் பெரிய அமர்வு மாரப்பன் வழக்கில் கூறியது. ஆகவே அவர் பதிவாளரிடம் சீராய்வு மனுவோடும், தொழிலாளராயின் தொழிலாளர் நீதிமன்றத்தோடும் நிற்க வேண்டியவராகிறார்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைக்கலாகாது. சங்கங்களில் வேண்டியவர்களைப் பின்வாசல் வழியாக அமர்த்தும் பழக்கம் இருந்ததை மறுப்பாரில்லை. வேலைவாய்ப்பகத்துக்குத் தெரிவிக்காமல் சேர்க்கப்பட்ட சங்க ஊழியரை வரன்முறைப்படுத்த 2001 மார்ச்சு 12ஆம் நாள் அரசாணை 86 பிறந்தது. அதைப் பற்றி எழுந்த உமாராணி வழக்கில் 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், சட்டத்துக்கும் விதிகளுக்கும் முரணான நியமனத்தை வரன்முறை என்ற பெயரால் நேராக்க இயலாது என்று தீர்த்தது. 2006 ஏப்ரல் 10ஆம் நாள் உமாதேவி வழக்கில் அரசியல் சாசன அமர்வும் அதே கொள்கையை நிலைநாட்டியது. வேலைக்குக் காத்திருக்கும் ஆயிரமாயிரம் இளைஞரின் சமவாய்ப்பு அங்கே காக்கப்பட்டது, அது போற்றத்தக்கதே.

ஆனால் உமாதேவி தீர்ப்பை மேற்கோள் காட்டுவோர் பலர் அதன் பிற்பகுதியைப் படிப்பதில்லை. முறையாக அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், நீதிமன்ற இடைக்கால ஆணைகளின் துணையின்றி, பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தவரை ஒருமுறை நடவடிக்கையாக வரன்முறைப்படுத்துமாறு அதே தீர்ப்பு பணித்தது. அக்கடமையைச் செய்யாத அலுவலகங்கள் காலம் கடந்துவிட்டது என்று கூறித் தப்ப முடியாது என்பதை 2010இல் கேசரி வழக்கு தெளிவாக்கியது. மைய நீர் ஆணையத்தில் பெருக்கியும் தோட்டம் பேணியும் நெடுங்காலம் உழைத்து 2018இல் நீக்கப்பட்டோரின் ஜக்கோ வழக்கில், 2024 டிசம்பர் 20ஆம் நாள், அவர்களைத் திரும்பச் சேர்த்து வரன்முறைப்படுத்த உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பயன்படுத்துவதையும் கண்டித்தது. பின்வாசலை அடைக்க வந்த பூட்டை, முன்வாசலில் நிற்பவரை வெளியே தள்ளவும் பயன்படுத்தலாகாது என்பதே இவற்றின் சாரம்.

சரி, ஆணை வந்துவிட்டது. அது எங்கே நிற்கிறது? பெரும்பாலும் ஒரு சொல்லில் நிற்கிறது. ‘மனுதாரரின் கோரிக்கையைச் சட்டப்படி பரிசீலிக்க’ என்று ஆணை அமைந்தால், அலுவலகம் பரிசீலிக்கிறது, பரிசீலித்து மறுக்கிறது, ஆணையை நிறைவேற்றிவிட்டதாக அறிக்கையும் அளிக்கிறது. ஊழியர் அவமதிப்பு மனு போட்டால், மறுப்பு ஆணை புதிய வழக்குக்குரிய காரணம் என்ற பதில் கிடைக்கிறது. 1996இல் பரிகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய நிலை இது. ‘பரிசீலிக்க’ என்ற சொல்லால் விளையும் குழப்பத்தை அந்நீதிமன்றமே 2006இல் ஆந்திரப் போக்குவரத்துக் கழக வழக்கொன்றில் விரிவாக எடுத்துரைத்தது. இவ்வாறு ஒருவர் முதல் வழக்கில் வென்று, இரண்டாம் வழக்கின் வாயிலில் மீண்டும் முதலிலிருந்து நிற்கிறார்.

அடுத்த தடை காலம். 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்கப்பட வேண்டும். ‘இதோ முடித்துத் தருகிறோம்’ என்ற இன்சொல்லை நம்பிப் பதின்மூன்றாம் மாதம் வரை காத்திருப்பவர் அவ்வழியை இழக்க நேரிடும். மூன்றாவது தடை மேல்முறையீடு. தீர்ப்பாயத்தின் ஆணையை உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு ஆராயலாம் என்று 1997இல் சந்திரகுமார் வழக்கில் முடிவாயிற்று. அது ஊழியருக்கும் காப்பு. ஆனால் தடையாணை பெறாமல், மேல்முறையீடு போட்டிருக்கிறோம் என்ற ஒரே காரணத்தால் ஆணையை நிறுத்திவைக்க எந்த அலுவலகத்துக்கும் உரிமையில்லை. மனு போடுவது வேறு. தடை பெறுவது வேறு.

தொழிலாளர் தாவாவில் பணம் வசூலிக்க நேர்வழி உண்டு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் நடைமுறையில் இருந்தபோது, தீர்ப்பின்படி சேரவேண்டிய தொகையை நிலவரிப் பாக்கிபோல் வசூலிக்க அது இடம் தந்தது. 2025 நவம்பர் 21ஆம் நாள் முதல் அதன் இடத்தில் வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் அவ்வசூல் முறையை வைத்திருக்கிறது. நம் சங்கம் கடன்தாரரிடம் காட்டும் கண்டிப்பைச் சட்டம் முதலாளியிடமும் காட்ட இயலும் என்பதை நிர்வாகக் குழுக்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று.

முன்தேதியிட்ட பதவி உயர்வில் சிக்கல் இன்னும் நுண்ணியது. 1995இல் கிடைக்கவேண்டிய உயர்வு 2010இல் வழங்கப்படுகிறதென்று கொள்வோம். அந்தப் பதினைந்து ஆண்டுகளின் சம்பள வித்தியாசத்தைத் தருவதா, அல்லது தேதியை மட்டும் தந்து பணத்தை மறுப்பதா? மேற்பதவியின் வேலையை அவர் பார்க்கவில்லையே என்ற வாதம் எழும். ‘வேலையில்லையேல் ஊதியமில்லை’ என்ற விதி, வேலை செய்ய ஆயத்தமாயிருந்தவரை நிர்வாகமே தன் தவறால் விலக்கி வைத்த இடத்தில் அப்படியே பொருந்தாது என்று 1991இல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் ஒவ்வொரு வழக்கின் சூழ்நிலையும் வேறு. நிலுவை தராமல் தேதியை மட்டும் தந்த தீர்ப்புகளும் உள்ளன.

தேதி மட்டும் கிடைத்தாலும் அஃது அற்பமன்று. அடுத்த உயர்வுக்குரிய பணிமூப்பும், ஓய்வுபெறும்போது கடைசிச் சம்பளமும் அத்தேதியைப் பற்றியே நிற்கின்றன. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் பணியில் சேர்ந்த அரசு ஊழியர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டனர். அதற்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம். ஆகவே வரன்முறைத் தேதி 2002ஆ, 2004ஆ என்பது ஒருவருடைய முதுமைக் காலத்தையே நிர்ணயித்துவிடும். 2006 ஜனவரி 1ஆம் நாளில் பத்தாண்டு முடித்த முழுநேரத் தினக்கூலிப் பணியாளரை வரன்முறைப்படுத்திய அவ்வாண்டு அரசாணை 22ஐ ஒட்டிப் பல வழக்குகள் எழுந்தமைக்கு இத்தேதிப் பிரச்சினையும் ஒரு காரணம். அன்றியும் ஒருவரின் தேதி முன்னே செல்லும்போது மற்றொருவர் பட்டியலில் பின்னே தள்ளப்படுகிறார். அவரையும் அழைத்துக் கேட்காமல் செய்த திருத்தம் அடுத்த வழக்குக்கு வித்தாகும்.

அங்ஙனமாயின் நல்ல ஆணை எவ்வாறு இருக்க வேண்டும்? 2025 ஆகஸ்டு 19ஆம் நாள் உத்தரப் பிரதேச உயர்கல்விப் பணி ஆணையத்தின் தினக்கூலிகள் தொடர்பாகத் தரம்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வரன்முறை 2002 ஏப்ரல் 24ஆம் நாள் முதல் என்று தேதி குறிக்கப்பட்டது. இடமில்லை என்ற சாக்குக்கு இடமின்றிக் கூடுதல் பணியிடங்கள் உருவாக்கப் பணிக்கப்பட்டது. நிலுவைத் தொகைக்கு மூன்று மாதக் கெடு விதிக்கப்பட்டது. நிறைவேற்றியதைப் பிரமாணப் பத்திரத்தால் தெரிவிக்கவும் சொல்லப்பட்டது. தேதி, இடம், தொகை, பொறுப்பு ஆகிய நான்கும் அதில் உள்ளன. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்த ஓட்டை வழியே ஆணை ஒழுகிவிடும்.

உறுப்பினர் ஒருவர் கேட்கலாம்: ‘சங்கப் பணம் எங்கள் வியர்வை. நெசவுக் கூலியை உயர்த்த இல்லாத பணம் ஊழியரின் பழைய பாக்கிக்கு எங்கிருந்து வரும்?’ நியாயமான கேள்வி. விடையும் கணக்கிலேயே இருக்கிறது. உரிய காலத்தில் தந்திருந்தால் மாதச் செலவாகக் கரைந்திருக்கும் தொகை, பத்தாண்டு கழித்து வட்டியோடும் வழக்குச் செலவோடும் ஒரே மூட்டையாக வந்து விழுகிறது. சங்கத்தின் இலாபத்தை அரிப்பது ஊழியரின் உரிமையன்று. அதைத் தள்ளிப்போட்டவரின் அலட்சியம். அரசிடமிருந்து வரவேண்டிய தள்ளுபடி மானியம் தாமதமாகும்போது நாம் படும் பாட்டை நாமே அறிவோம். நம் பாக்கிக்காக நாம் நியாயம் கேட்கும் நாவால், பிறர் பாக்கியை இல்லையென்று கூறல் தகுமா?

ஆகவே சங்கங்கள் செய்யத்தக்கவை எவையென நாம் கருதுவதைக் கூறுகிறோம். ஊழியர் தொடர்பான தீர்ப்பு, ஆணை ஆகியவற்றுக்கெனத் தனிப் பதிவேடு ஒன்று வைத்து, ஆணை பெற்ற நாள், கெடு முடியும் நாள், தொகை, பொறுப்பாளர் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். ஆணை கிடைத்த அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே, நிறைவேற்றுவதா மேல்முறையீடு செய்வதா என்று தீர்மானித்தல் வேண்டும்; இரண்டும் இன்றி இருத்தல் கூடாது. நிலுவையைக் கணக்கிட்டு ஆண்டு நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கீடு காட்டுதல் வேண்டும். சங்கங்களைப் பார்வையிடும் பொறுப்பிலுள்ள நம் போன்றோரும், கடன் பாக்கிப் பட்டியலைக் கேட்கும் அதே கண்டிப்புடன் இப்பதிவேட்டையும் கேட்டுப் பார்த்தல் கடமையாகும்.

வேண்டுமென்றே செய்த தாமதத்தால் வட்டியும் செலவும் ஏறினால், அந்த நட்டத்தை உறுப்பினர் தலையில் சுமத்துவது முறையன்று. சங்கத்துக்கு நட்டம் விளைவித்தவரிடமிருந்து அதை ஈடுசெய்யத் தண்டத்தீர்வை என்ற வழியைத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 87ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. கையாடலுக்கு நினைவுக்கு வரும் அப்பிரிவு, தீர்ப்பைத் திட்டமிட்டுக் கிடப்பில் போட்டதால் வந்த நட்டத்துக்கும் நினைவுக்கு வருமாயின், கோப்புகள் தாமே நடக்கத் தொடங்கும். எல்லாவற்றிற்கும் முன்பாக, நியமனம் செய்யும் நாளிலேயே விதிப்படி இடம் அனுமதி பெற்று, தகுதி பார்த்து, விளம்பரம் செய்து அமர்த்துதல் வேண்டும். விதிப்படி வந்தவர் வழக்காட வேண்டிய அவசியமில்லை. விதியை மீறி ஒருவரைச் சேர்த்து, அவர் உழைப்பை இருபதாண்டு உண்டபின் அவ்விதியையே காட்டி அவரை வெளியேற்றுவது அறமுமன்று.

பொதுப்பேரவையில் வரவு செலவு அறிக்கை படிக்கப்படும்போது உறுப்பினர்கள் பலர் பங்கீட்டுத் தொகையைப் பற்றி மட்டும் கேட்டு அமர்ந்துவிடுகின்றனர். இவ்வாண்டு ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேளுங்கள்: ‘நமது சங்கத்தின்மீது நிறைவேற்றப்படாத ஆணை ஏதேனும் உண்டா? உண்டெனில் எந்தத் தேதிக்குள் நிறைவேறும்?’ விடை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதப்படட்டும். அடுத்த ஆண்டுப் பேரவையில் அக்குறிப்பைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள்.